செபமாலைப் பெட்டியோடு நெமிலிச்சேரி வரை

என் கணவர் இறந்தபின் மூன்று ஆண்டுகளாக நான் தனியாக ரயில் ஏறவில்லை. நடைமேடையில் நின்றாலே நெஞ்சு படபடக்கும். "இப்படியே இருந்தால் அம்பத்தூர் வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிடுங்கள்" என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வீட்டை விட எனக்கு மனமில்லை. அதனால் போன ஞாயிறு, நெமிலிச்சேரியில் இருக்கும் பள்ளித்தோழி ஸ்டெல்லாவைப் பார்க்கக் கிளம்பினேன்.

துணைக்கு ஒரு மாத்திரை. ஸ்டெல்லாவின் அண்ணன் மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. உள்ளே மனத்தை மாற்றும் காளானின் பொடி. போதை தெரியாத அளவுக்கு மிகக் கொஞ்சம். பயம் விலகி உலகமே பளிச்சென்று தெரியுமாம்.

பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் மாத்திரை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்தேன்.

"இன்னா ஆயா, தனியாவா கீற?"

"ஆயா இல்லை, அம்மா. எவ்வளவு?"

"அறுபது குடுத்துட்டு குந்தும்மா. டீச்சரா நீ?"

இல்லை, ஆனால் மறுக்கவில்லை.

டிக்கெட் ஐந்து ரூபாய், பயணம் இருபத்தைந்து நிமிடம். படபடப்பே இல்லை! அன்னனூரில் வரிசையாக நின்ற ரயில்கள் வெயிலில் மின்னின. வெளியில் எதையும் வாங்கித் தின்னாத நான், ஆவடியில் ஏறிய பெண்ணிடம் மிளகாய்ப்பொடி தூவிய கொய்யா வாங்கித் தின்றேன். மாத்திரையை மனதார வாழ்த்தினேன்.

ஸ்டெல்லா வீட்டில் செபம் சொல்ல என் செபமாலைப் பெட்டியைத் திறந்தால், உள்ளே அதே மாத்திரை!

பூசையில் நற்கருணை அப்பம் வாங்கும் முன் ஒரு மணி நேரம் எதுவும் உண்ணக்கூடாது. மருந்துக்கு விலக்குண்டு, இது மருந்துதானா என்ற சந்தேகத்தில் காலையில் நானே பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பிறகு விழுங்கியது கைப்பையில் இருந்த வழக்கமான சத்து மாத்திரை.

ஓய்வுபெற்ற நர்ஸான ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். "நம்பிக்கையிலயே பாதி குணமானவங்கள நான் வார்டுலயே பாத்திருக்கேன்டி. ஆனா கொய்யாக்கா தின்னவள இப்பதான் பாக்கறேன். போறப்பவாவது இதப் போட்டுக்கறியா?"

"வேண்டாம்டி. படபடப்பு வந்தால் வரட்டும்."

மாலை நடைமேடையில் படபடப்பு வந்தது; ரயில் வந்ததும் அதையும் கூட்டிக்கொண்டு ஏறினேன். ஆவடி தாண்டுவதற்குள் அது எங்கோ இறங்கிவிட்டது.

போகிறவர்களுக்கு: ஞாயிறு காலை மகளிர் பெட்டியில் இடம் கிடைக்கும். கொய்யாவுக்கு மிளகாய்ப்பொடி குறைவாகக் கேளுங்கள். அந்தக் காளான் நம் நாட்டில் சட்டவிரோதம் என்று பிறகுதான் அறிந்தேன். நான் விட்டுவந்த மாத்திரையை ஸ்டெல்லா குப்பையில் போட்டுவிட்டாள். தேடாதீர்கள், மனம் சரியில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள்.

மகளுக்குப் போன் செய்தேன். "அடுத்த ஞாயிறு நீ இங்கே வா. வழி தெரியாவிட்டால் சொல், நானே ரயிலேறி வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன்."