சலோமத் வீட்டு ஆணியில் ஒரு ரொட்டி

மஃப்ராத் வீட்டுச் சுவரில் ரொட்டியைக் காணோமாம். ரொட்டி அடுப்படியில் ஒருத்தி சொன்னது, பேருந்து நிறுத்தம் போய்ச் சேர்வதற்குள் "மஃப்ராத்துக்கு நாட்டை விட்டுப் போக அனுமதி வந்துட்டுதாம்" என்று ஆகிவிட்டது. மறுநாள் முடி வெட்டிக்கொள்ள வந்தவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை, வீட்டுச் சாமான்களைத்தான் பார்த்தாள்.

"அந்தத் தையல் மெஷினை எனக்குன்னு சொல்லி வைங்கக்கா."

"தலையை ஆட்டாதடி. காது போயிரும்."

தாஷ்கந்தின் பெரிய சலூனில் பதினெட்டு வருடம் கத்தரி பிடித்தவள் மஃப்ராத். நாட்டை விட்டுப் போக மனுப் போட்ட வாரமே வேலை போயிற்று. அடுத்த மாதம் தொலைபேசியையும் துண்டித்தார்கள். இப்போது சமையலறை நாற்காலிதான் சலூன். கடையில் எதைத் தொட்டாலும் அவள் விலை கேட்பதில்லை. "என்ன எடை இருக்கும்?" என்பாள். பெட்டியில் அடங்காத எதையும் ஏழு வருடமாக வாங்கியதில்லை. வாணலியின் கைப்பிடி உடைந்து அதுவும் ஏழு வருடம்தான்.

கணவர் இல்யாவ் விமானத் தொழிற்சாலையில் இருக்கை பொருத்தியவர். ரகசியம் அறிந்தவர், அனுப்ப முடியாது என்று விசா அலுவலகத்தில் ஆண்டுதோறும் சொல்வார்கள்.

"இவருக்குத் தெரிஞ்ச ஒரே ரகசியம், கேன்டீன்ல எந்தக் கிழமை கறி நல்லாருக்கும்ங்கறதுதான்," என்பாள் மஃப்ராத்.

மகள் யாஃபா மட்டும் கணவன் வீட்டாரோடு அமெரிக்காவுக்குத் தப்பினாள். கிளம்பும்போது ஊர் வழக்கப்படி வட்ட ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போனாள். மிச்சத்தை அவளே திரும்பி வந்து தின்ன வேண்டும். அதுவரை அது ஆணியில் தொங்கும். ஆனால் இவர்கள் யூதர்கள்; பஸ்கா பண்டிகை நாட்களில் வீட்டில் ரொட்டித் துணுக்குகூட இருக்கலாகாது. அதனால் வசந்தம்தோறும் அது எதிர்வீட்டு உஸ்பெக்காரி சலோமத்தின் சுவருக்குப் போய், பண்டிகை முடிந்ததும் வீடு திரும்பும். இந்த முறை மூன்று வாரமாகியும் மஃப்ராத் அதை எடுத்துவரவில்லை.

காரணம், போன மாதம் யாஃபா சலோமத் வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்ன சேதி. பெற்றோரின் படத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அங்கே ஒரு செனட்டரின் வாசலில் குளிர்காலம் முழுக்க நின்றிருக்கிறாள். அவர் இப்போது அரசோடு பேச மாஸ்கோவுக்கு வருகிறார். "எங்க நாட்டுக் கோதுமை வேணும்னா இவங்களை விடுங்கன்னு கேக்கப் போறாராம்மா. லிஸ்ட்ல நீங்க நாப்பத்தொண்ணாவது."

"நாப்பத்தொண்ணு வரைக்கும் படிக்கப் பொறுமை இருக்குமாடி அவங்களுக்கு?"

பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது. புதன்கிழமை நான்கு மணிக்கு யாஃபா பதிலைச் சொல்வாள். மூன்றரைக்கே மஃப்ராத்தும் கணவரும் சலோமத் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஊற்றிய பச்சைத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"ஊரே உன் சாமானைப் பங்கு போட்டாச்சு," என்றாள் சலோமத். "இந்த ரொட்டியை என்னடி செய்யப் போற? என் சுவத்துலயே விட்டுட்டு ஓடிருவியா?"

"அவ கடிச்சதை அவதான் தின்னணும். அவ வர முடியலேன்னா, அது அவகிட்டப் போகட்டும்."

"விட்டுருவாங்க. ரொட்டிக்கு ரகசியம் எதுவும் தெரியாதே," என்றார் இல்யாவ்.

"எடை?" என்று கேலியாகக் கேட்டாள் சலோமத்.

"நூத்தி எம்பது கிராம்," என்றாள் மஃப்ராத் உடனே.

சலோமத் சிரிக்கத் தொடங்கியபோது மணி அடித்தது. வெளிநாட்டு அழைப்புக்கே உரிய நீண்ட மணி. நீட்டிய கையைச் சலோமத் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"உன் பொண்ணு. நீயே எடு."

மஃப்ராத் எழுந்தாள். தொலைபேசியைத் தாண்டிப் போய், முக்காலியில் ஏறி, ரொட்டியை ஆணியிலிருந்து கழற்றினாள். இறங்காமல் அங்கேயே நின்று, மகளின் பல் பதிந்த விளிம்பில் படிந்திருந்த தூசியை ஊதினாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, ஒவ்வொரு முனையாக மடித்து, ரொட்டியைச் சுற்றத் தொடங்கினாள். மணி அடித்துக்கொண்டிருந்தது.