மூன்று மாதம் வெயில் வராத ஊரை விற்ற கதை

சுற்றுலா விற்கிற கடையில் மலையின் உயரத்தை யாரும் கேட்பதில்லை. பஸ் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்கு நிற்கும் என்றுதான் கேட்பார்கள். கடை மேசைக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்தே கன்னம் நொந்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்த நோவு தெரிந்தவர்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

எங்கள் கடை கோலியர்ஸ் வுட் என்கிற ஆங்கிலேயப் புறநகரில், சலூனுக்கும் மரக்கறிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. முதலாளி குமார் அண்ணை. கோடையில் நாலு நாள் சுவிஸ் பஸ் பயணம்தான் முக்கிய வியாபாரம். ஒரு அருவி, ஒரு கேபிள் கார், ஒரு சாக்லேட் கடை, மூன்று வேளையும் எங்கட சாப்பாடு. வழிகாட்டி நான். போன வருடம் நெடுஞ்சாலையை மூடிவிட்டதால் பஸ் ஒரு சின்ன மலைக்கிராமத்தில் இரண்டு மணி நேரம் நின்றது. ஹின்டர்மோஸ் என்று பெயர். அறுபது பேர்தான் இருப்பார்கள். பயணிகள் பஸ்ஸுக்குள் நித்திரை. நான் இறங்கிப் போய் ஒரு மாட்டுக்காரக் கிழவரிடம் அரைகுறை ஆங்கிலத்திலும் கைப் பாஷையிலுமாக ஊரின் கதையைக் கேட்டேன். வீட்டுப் பெரியவர்கள் வாயால் கதை கேட்டு வளர்ந்தவன் நான். கேட்டதைச் சொல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது.

இந்த வருடப் பயணத்தின் மூன்றாம் நாளில் ஹின்டர்மோஸை எழுதினேன். குமார் அண்ணை அந்த வரியைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டார். நாற்பத்தொன்பது இருக்கையும் நிரம்பினால் ஊர் இருக்கும். ஒன்று குறைந்தாலும் அந்த இடத்துக்கு ஷொப்பிங் சென்டர் என்றார். நான் சரி என்றேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. "நீ கதைக்கிறது உன்ர சேர்ட் கொலருக்கே கேக்காது. நீ எப்பிடியடா ஊர் விக்கப்போறாய்?"

வெயில்

முதல் அழைப்பு பக்கத்துப் புறநகரான சட்டனில் இருந்து. "உந்த ஹின்டர்... என்னவோ, அங்க என்ன விசேஷம் தம்பி?" என்றார் ஒருவர். பொய் சொல்லி விற்கிறதில்லை என்று நான் முதலே முடிவெடுத்திருந்தேன். அந்தப் பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காக ஓடுகிறது. தெற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. நவம்பர் நடுவில் போகிற சூரியன் பிறகு பெப்ரவரியில்தான் அந்த மலைக்கு மேலால் எட்டிப் பார்க்கும். திரும்பி வருகிற நாளில் பள்ளிக்கூடம் விடுமுறை. முழு ஊரும் பாலத்தில் கூடி நின்று, வட்டமாகச் சுட்ட அப்பங்களைத் தூக்கி வெயிலுக்குக் காட்டிவிட்டுத்தான் சாப்பிடும்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, குமார் அண்ணை எதிரே நின்று கழுத்தை அறுக்கிற மாதிரி கையால் சைகை காட்டினார். நான் நிறுத்தவில்லை. அப்பம் எவ்வளவு பெரிசு என்பதையும் சொன்னேன். மறுமுனையில் அவர் கேட்டார்: "தம்பி, மூண்டு மாசம் வெயில் பாக்காமல் இருக்கிறதுக்கு நான் ஏன் அவ்வளவு தூரம் போகவேணும்? அதுக்குத்தானே சட்டனில வீடு வாங்கி வைச்சிருக்கிறன்."

நாலு குடும்பப் பெயர்

ஸ்ட்ரெதமில் இருந்து தமிழ்நாட்டுக்காரத் தம்பதி ஒன்று வந்தது. இருவரும் ஐ.டி. வேலை. கணவர் செல்போனில் ஊரைத் தேடிப் பார்த்துவிட்டு, "ரெஸ்டாரண்ட் ஒண்ணுதான் இருக்கு, கடையே இல்லையே?" என்றார். ஓம், இல்லை என்றேன். பிறகு அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லாக் கல்லிலும் திருப்பித் திருப்பி நாலே நாலு குடும்பப் பெயர்கள். அதனால் ஆளைப் பெயரால் கூப்பிட்டால் ஒன்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவரைப் பாலத்தடியார் என்பார்கள், இன்னொருவரை மேல்கொட்டிலார். தானியம் வைக்கிற மரக்கொட்டில்களின் ஒவ்வொரு காலின் தலையிலும் தட்டையான வட்டக் கல் வைத்திருக்கிறார்கள், எலி தலைகீழாக நடக்காது என்பதற்காக. நாலு பெயரும் பல நூறு வருடம் தாக்குப்பிடித்தது அந்தக் கல்லால்தான் என்று கிழவர் சொன்னார்.

கணவர் இன்னும் கடையைத்தான் தேடிக்கொண்டிருந்தார். மனைவி அவர் கையிலிருந்த செல்போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "நாலே நாலு ஃபேமிலியா? அப்போ சண்டை போட்டா வாட்ஸ்அப் குரூப்ல இருந்து வெளியேறக்கூட முடியாதே! தம்பி, ரெண்டு சீட் போடுங்க, அந்த ஜனங்களை நான் பார்த்தே ஆகணும்."

மூக்கு வைத்த தேவாலயம்

நாற்பத்தெட்டு இருக்கை நிரம்பிய அன்று சோதி ஐயா கடைக்கு வந்தார். கோலியர்ஸ் வுட்டிலேயே இருக்கிறார், தபால் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முழங்கால் நோவு, தன் இருக்கையை ரத்துச் செய்யவேண்டும் என்றார். நான் அவரைக் கொஞ்சம் நிற்கச் சொன்னேன். அவருக்கு முன்னால் பத்மா அன்ரி நின்று என்னைக் குடைந்துகொண்டிருந்தார். வருவதா இல்லையா என்று அவர் மூன்று வாரமாக முடிவெடுக்கவில்லை.

அன்ரிக்குத் தேவாலயத்தைப் பற்றிச் சொன்னேன். அதன் பின்சுவர் கப்பலின் முன்பக்கம் மாதிரிக் கூராக இருக்கும். எப்போதோ ஒரு மாரிகாலத்தில் மலையிலிருந்து பனி சரிந்து பாதி ஊரை அள்ளிக்கொண்டு போனது. மிஞ்சியவர்கள் அதே இடத்தில் திரும்பவும் கட்டினார்கள். இந்த முறை, பனி வந்தால் இரண்டாகப் பிளந்து போகட்டும் என்று மலையைப் பார்த்து மூக்கு வைத்தார்கள். ஊருக்கு மேலே இருக்கிற காட்டில் அன்றிலிருந்து ஒரு மரம் வெட்டுவதில்லை. அந்தக் காடுதான் பனியைத் தடுக்கிற வேலி.

"அதே இடத்திலயோ? விசர் பிடிச்ச சனம்!" என்றார் பத்மா அன்ரி. "வேற இடமே கிடைக்கேல்லையாமோ?"

நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன். ஆனால் பதில் பின்னாலிருந்து வந்தது. "ஊரில எங்கட வீட்டுக்கு ரெண்டுதரம் ஷெல் அடிச்சது, பிள்ளை. ரெண்டுதரமும் நாங்கள் அங்கதான் ஓடு போட்டனாங்கள்" என்றார் சோதி ஐயா. அன்ரி கைப்பையைத் திறந்து கடைசி இருக்கைக்குப் பெயர் எழுதினார். சோதி ஐயா ரத்துச் செய்ய எடுத்து வந்த பத்திரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "தம்பி, அந்தத் தேவாலயப் படிக்கட்டில கைபிடி இருக்கோ? இருந்தால் வாறன்."

மணி

ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். நல்ல வெயில். மரவீடுகள் நூற்றாண்டு வெயிலில் கறுத்துப்போய் நின்றன. பஸ்ஸில் வந்த சமையல் அக்கா புளிச்சோற்றுச் சட்டிகளை இறக்கினார். நான் எல்லாரையும் மூக்குச் சுவரடிக்குக் கூட்டிப்போய், என்னால் முடிந்த உச்சச் சத்தத்தில், அதாவது முன்னால் நின்ற ஆறு பேருக்குக் கேட்கிற மாதிரி, கதை சொல்லிக்கொண்டிருந்தேன். சோதி ஐயா அந்த ஆறு பேரில் இல்லை.

அவர் வாசல் பக்கம் போயிருந்தார். கைபிடியைப் பிடித்துப் படியேறி, சப்பாத்தைக் கழற்றி வைத்தார். வாசலில் ஒரு கயிறு தொங்கியது. கயிற்றின் மேலே மணி. கோயிலுக்குள் போகிற மனிதன் வேறென்ன செய்வான்? மூன்றுதரம் இழுத்து அடித்துவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டார். அந்த மணி பூசைக்கு அடிக்கிற மணியில்லை. பனி சரிந்தால், நெருப்புப் பிடித்தால் மட்டும் அடிக்கிற மணி.

எல்லாக் கதவும் திறந்தன. தலையில் ஷாம்பூ நுரையோடு ஒருவர், இரண்டு கன்றுக்குட்டிகளோடு ஒரு பெண், சக்கர நாற்காலியில் ஒரு பாட்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர். ஒருவரும் கத்தவில்லை. ஒருவரும் எங்களைப் பார்க்கவுமில்லை. அத்தனை பேரும் நிமிர்ந்து மேலே அந்தக் காட்டைத்தான் பார்த்தார்கள். நான் கதையாகச் சொன்னது அவர்களுக்குக் கதையில்லை என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் பத்மா அன்ரி என் கையை இறுக்கிப் பிடித்தார். "தம்பி, இதுகள் விசரில்லையடா. இதுகள் பழகின சனம்."

மஞ்சள் தலைக்கவசம்

உயரமான ஒரு பெண்மணி பட்டியலை வைத்துத் தலைகளை எண்ணினார். அவர்தான் கிராமத் தலைவி. இரண்டு பேர் குறைகிறார்கள் என்று விரலால் காட்டினார். அதற்குள் தீயணைப்புத் தொண்டர்கள் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவர் மஞ்சள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு எங்கள் கூட்டத்தைப் பார்த்தார். எங்கள் ஆள்! "ஆரது மணியில கை வைச்சது?" என்று தமிழில் கத்தினார்.

ரஞ்சன் அண்ணை, ஊரின் ஒரே உணவகத்தில் சமையல்காரர். அகதியாக வந்து இறங்கி, கோப்பை கழுவத் தொடங்கி, அங்கேயே இருபத்தெட்டு வருடம். போன வருடம் நான் கதை கேட்டுக்கொண்டு திரிந்தபோது அவர் குசினிக்குள் இருந்திருக்கிறார். சோதி ஐயா மெல்ல முன்னால் வந்து, சாமிக்குத் தான் வந்ததைச் சொல்லத்தான் அடித்ததாகச் சொன்னார். ரஞ்சன் அண்ணை அதை ஜெர்மனில் சொல்ல, தலைவி சிரிக்காமல் கேட்டார். பிறகு ஏதோ சொல்லிவிட்டு, குறைந்த இரண்டு பேரையும் தேடக் கீழ்த்தெருவுக்கு ஓடினார்.

"ஐயா, சாமிக்கு மட்டுமில்லை, சகல மாட்டுக்கும் தெரிஞ்சிட்டுதாம்" என்றார் ரஞ்சன் அண்ணை. சோதி ஐயா தலையைக் குனிந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். ரஞ்சன் அண்ணையின் மூக்கு புளிச்சோற்றுச் சட்டியின் பக்கம் திரும்பியது. "மன்னிப்பைப் பிறகு கேளும். சம்பல் இருக்கோ?"

சத்தம்

யாரோ எடுத்த வீடியோ எங்களுக்கு முன்பே கோலியர்ஸ் வுட்டுக்கு வந்துவிட்டது. குமார் அண்ணை சிவப்புப் பேனையோடு காத்திருந்தார். ஊரை வெட்டிவிட்டார், அடுத்த வருடம் ஷொப்பிங் சென்டர். "ஊரை எடுத்தால் நான் அந்தப் பஸ்ஸில ஏறமாட்டன்" என்றேன். என்ன என்றார். திருப்பிச் சொன்னேன். கேட்கேல்லை என்றார். மூன்றாம் தரம் என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிது. சலூனில் பாதி முடி வெட்டிய ஒருவர் துணியோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். நிறுத்தவில்லை. நாற்பத்தொன்பது பேரும் பொய் கேட்டு வந்தவர்களில்லை, அந்த ஊரைப் பார்க்க வந்தவர்கள், அதைச் சிவப்புப் பேனையால் வெட்ட ஏலாது என்றேன்.

பிறகு அவர் முன்னாலேயே ரஞ்சன் அண்ணைக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, தலைவியிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். இனி வரவேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்வோம் என்றேன். ரஞ்சன் அண்ணை சிரித்தார். குறைந்த அந்த இரண்டு பேரும் கீழ்த்தெருக் கிழவனும் கிழவியும். புது இரட்டைக் கண்ணாடி யன்னல் போட்டதிலிருந்து அவர்களுக்கு மணி கேட்பதேயில்லை. அன்றைக்கு வரைக்கும் ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது. அந்தத் தெருவுக்கு இப்போது சைரன் பூட்டுகிறார்கள். "தலைவி கேக்கிறா, அடுத்த பஸ் எப்ப எண்டு. அந்த ஐயாவையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். ஒத்திகை பாக்கவேணுமாம். ஆனால் நேரத்தைச் சொல்லிப்போட்டு அடிக்கட்டாம்."

குமார் அண்ணை வெட்டிய வரியின் மேலே அதே சிவப்புப் பேனையால் ஊரின் பெயரைத் திருப்பி எழுதினார், எழுத்துப் பிழையோடு. "உனக்கு இவ்வளவு சத்தம் இருக்கெண்டு முதலே தெரிஞ்சிருந்தால் பஸ்ஸுக்கு மைக் வாங்கியிருக்க மாட்டன்."

இப்போதும் வருகிறவர்கள் கழிப்பறையைத்தான் கேட்கிறார்கள். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிறது, போகிற வழியில் தொங்குகிற கயிற்றை மட்டும் இழுக்க வேண்டாம் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்லி அனுப்புகிறேன்.