முதுகு காட்டும் நாற்காலி

மூன்று வருடங்களுக்கு முன்பு ஓர் ஆடி மாதம், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் நடந்தது இது. நான் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. அதுபோக, வெளிநாட்டு ஓவியர்களின் புகழ்பெற்ற படங்களைப் பார்த்து, அப்படியே கையால் வரைந்து கொடுப்பேன். சென்னையில் ஓர் ஏஜென்ட் ஆர்டர் பிடித்து அனுப்புவார். பூ, வயல், படகு என்று வரைந்துகொண்டிருந்தவளுக்கு அந்த முறை வந்தது ஒரு நோயாளியின் அறை. தன் அக்கா இறந்த அறையைப் பல வருடம் கழித்து நினைவிலிருந்து அந்த ஓவியர் வரைந்தாராம். ஏஜென்ட் போகிறபோக்கில் சொன்னார். என் அக்கா அப்போது எங்கள் வீட்டு ஹாலில்தான் படுத்திருந்தாள்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். வயிற்றில் புற்று, முற்றிவிட்டது என்று மதுரை டாக்டர் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அக்காவிடம் வெறும் புண் என்று சொல்லிவைத்தோம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். நோயின் பெயர் நோயாளியைத் தவிர ஊருக்கே தெரியும். அங்கே இருந்தால் பார்க்க வருகிறவர்களில் யாராவது உளறிவிடுவார்கள் என்று பயந்துதான் என் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அத்தான் தினமும் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆடிப்பூரத்துக்கு ஊருக்குப் போய்த் தேர் பார்க்க வேண்டும். "அந்தக் கூட்டத்துல போயி நசுங்கணுமாக்கும்? ஒடம்பு தேறட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்பார் அத்தான், காலண்டரைப் பார்த்தபடி. ராணுவத்திலிருந்து லீவில் வந்து, அவர் கூடவே வந்துபோகும் அவள் மகன் செல்போனைப் பார்ப்பான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நகலெடுக்க எனக்கென்று ஒரு வழி உண்டு. கட்டம் போட்டுக்கொண்டு, மாதிரிப் படத்தையும் கேன்வாஸையும் தலைகீழாக வைத்துவிடுவேன். அப்போது முகம், கை என்று எதுவும் மனதில் ஏறாது. கோடும் நிறமும் மட்டும்தான் தெரியும். இந்தப் படத்துக்கு அது ரொம்பவே வசதியாகப் போயிற்று. காலையில் வரைவேன். மதியம் அக்கா மாத்திரை போட்டுத் தூங்கியதும் பள்ளிக்குக் கிளம்பிவிடுவேன்.

ஒரு நாள் காலை மாடிக்குப் போனால், கேன்வாஸ் நேராக நின்றது. தலைகீழாக வைத்துவிட்டு வந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. மூலையில் கிடக்கும் பிரம்பு நாற்காலி வேறு அதற்கு எதிரே வந்து நின்றது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம், ஒன் நாற்காலி நகரக் கூடாதா?" என்று கேலி செய்தார். சரி, நாற்காலியை நகர்த்தட்டும். காற்று வந்து படத்தையுமா நிமிர்த்தி வைக்கும்?

மறுநாளும் அப்படியே. அடுத்த நாளும். ஏறிட்டுப் பார்க்காமலே படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிடுவேன். வீட்டில் மாடி ஏறக்கூடியவர்கள் நானும் அவரும்தான். அவர் மில்லுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அக்காவோ பாத்ரூமுக்கே கைத்தாங்கலாகப் போகிறவள். அந்த அறையில் மெல்லிசாகத் தைல வாசனை அடித்தது. இறந்துபோன அந்த வெளிநாட்டு அக்காவை நினைத்தேன். நான் படித்தவள்தான், ஆனாலும் சாமி படத்திலிருந்து திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டுதான் அதன்பிறகு மாடி ஏறினேன்.

ஒரு நாள் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போய், நான் போன கொஞ்ச நேரத்திலேயே பள்ளியை விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் ஹாலில் கட்டில் காலி. பாத்ரூம், அடுப்படி, பின்வாசல் எங்கேயும் அக்கா இல்லை. மாடியில் பிரம்பு நெரியும் சத்தம் கேட்டது.

கதவு திறந்து கிடந்தது. நாற்காலி எனக்கு முதுகைக் காட்டி நின்றது. அதன் உயரமான முதுகுக்கு மேலே ஒரு முடிகூடத் தெரியவில்லை. எதிரே நேராக நின்ற படத்திலும் அதே மாதிரி ஒரு நாற்காலி, அதுவும் முதுகைக் காட்டியபடி. அதில் உட்கார்ந்திருக்கும் நோயாளி கண்ணில் படவே மாட்டாள். சுற்றி நிற்கிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கையாலேயே வரைந்த படத்தை அப்போதுதான் முழுசாகப் பார்க்கிறேன். அது எங்கள் வீட்டு ஹால். "அக்கா" என்று கூப்பிடவும் பயம். பதில் வராவிட்டால்?

"ஏட்டி, வா. பின்னாலயே நிக்காத."

குரல் மட்டும் வந்தது. எப்படி ஏறினாய் என்று கேட்டேன்.

"உக்காந்து உக்காந்துதான், ஒவ்வொரு படியா. நீ தலகீழா வச்சிட்டுப் போனா எனக்கு என்ன தெரியும்? அதான் நிமித்தி வச்சிப் பாத்தேன்." மெலிந்த கை ஒன்று நாற்காலியிலிருந்து நீண்டது. "இது ஒங்க அத்தான். இது எம் மவன். அங்கிட்டுத் திரும்பி நிக்கிறவ நீ. ஏட்டி, நாற்காலில இருக்கவ மூஞ்சிய ஏன் வரையல?"

"மாதிரிலயே அப்படித்தாங்க்கா இருக்கு."

"மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சு போயிரும்ல, அவளுக்கும் எல்லாம் தெரியும்னு."

சொல்லிக்கொண்டே படத்து நாற்காலியை விரலால் தொட்டாள். பெயின்ட் காயவில்லை, தடம் விழுந்துவிட்டது. "எனக்கு அடுத்த வருஷத் தேரு கிடையாது ஏட்டி. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா ஒங்க அத்தான் ஒடஞ்சு போயிருவாக. அதான் நானும் பேசாம கெடந்தேன்."

சுற்றிப் போய் அவள் முன்னால் மண்டி போட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மடியில் விழுந்து வாய்விட்டு அழுதேன்.

சாயங்காலம் அத்தான் வந்ததும், ஒரு நாற்காலியை இழுத்து அக்காவுக்கு எதிரே போட்டு உட்கார வைத்தேன். "எல்லாம் அவளுக்குத் தெரியும் அத்தான்" என்றேன். அந்த மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார். அக்காதான் தட்டிக்கொடுத்தாள். ஆடிப்பூரத்தன்று, ரத வீதியில் தெரிந்தவர்கள் வீட்டு மொட்டை மாடிக்கு மகன் அவளைத் தூக்கிக்கொண்டு போனான். அத்தான் கையைப் பிடித்தபடி, தேர் அந்த வீட்டைத் தாண்டும்வரை கண்கொட்டாமல் பார்த்தாள். கார்த்திகையில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

படத்தில் அந்த விரல் தடத்தை நான் சரி செய்யவில்லை. ஏஜென்டும் கவனிக்கவில்லை. எந்த நாட்டில், யார் வீட்டுச் சுவரில் தொங்குகிறதோ! இப்போதெல்லாம் சீக்காளி யாரையாவது பார்க்கப் போனால், பழப்பையைக் கீழே வைத்த கையோடு ஒரு நாற்காலியை இழுத்து அவர்கள் எதிரில் போட்டு, முகத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறேன், அக்காவின் முகத்தைப் பார்க்காமல் விட்ட நாட்களெல்லாம் எனக்குத் திரும்பக் கிடைக்கப்போவதில்லை என்பதால்.