சவர லோஷனுக்கு ஒரு மனு

கல்வராயன் மலைக்குப் பேருந்து ஓட்டிய என் அண்ணன், சவரம் செய்யாமல் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. சவரம் முடிந்ததும் ஒரு பச்சை லோஷனை உள்ளங்கையில் ஊற்றிக் கன்னங்களில் தட்டிக்கொள்வார். முதலில் புதினா, பக்கத்தில் நிற்பவனுக்கே கண் குளிரும். கால் மணி கழித்து, மழை விட்ட செம்மண் சரிவில் நிற்பதுபோல ஒரு வாசனை எழும். அதற்கும் அடியில் மரப்பட்டையின் துவர்ப்பு. இன்றைய இளைஞர்கள் மிட்டாய்க் கடை போல மணக்கிறார்கள். அண்ணன் ஆண்பிள்ளையாக மணந்தார். நானும் அதே லோஷனை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். என்மேல் அது நான் வேலை பார்த்த தாலுகா அலுவலகம் போலத்தான் மணந்தது.

சென்ற ஆண்டு நுரையீரல் கெட்டு, கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் படுத்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பங்குச் சாமியார் நற்கருணை அப்பம் கொண்டுவருவார் என்று தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"டேய், மூஞ்சிய மழிச்சி அந்த லோஷனப் போட்டு வுடு. இந்த மருந்து நாத்தத்தோட சாமியார் முன்னாடி கெடக்க மாட்டேன்."

வார்டு வாசலில், வாசனைப் பொருள்களுக்குத் தடை என்று பலகை. மூச்சிரைப்புக்காரர்கள் படுத்திருக்கும் இடம், தடை நியாயமானதுதான். ஆனால் விதி இருந்தால் விலக்கு இருக்கும், விலக்கு இருந்தால் அதை வழங்க ஓர் அதிகாரி இருப்பார். கோப்புகளுக்கு நடுவே தலை நரைத்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். கண்காணிப்பாளருக்கு மனு எழுதினேன். இணைப்பு: புட்டி லேபிளின் நகல். லோஷன் இல்லாத சவரம் வேண்டாம் என்று அண்ணன் தாடியோடு காத்திருந்தார்.

"இன்னாடா ஆச்சி?"

"மனு மேல போயிருக்குதுண்ணே. ரெண்டு நாள்ல வந்துரும்."

"எழுதிக்கினே இரு. எமனுக்கும் ஒண்ணு போட்டு வை, ரெண்டு நாள் கழிச்சி வரட்டும்."

சனிக்கிழமை காலை போய்விட்டார். உடலைப் பெறக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வார்டு சிஸ்டர் ஒரு காகிதத்தை நீட்டினார். அனுமதி வந்திருந்தது.

"இதுக்கா சார் மனு? வீல் சேர்ல வராந்தாவுக்குத் தள்ளிக்கினு போயி போட்டு வுட்டிருக்கலாமே. தெனம் யாராவது அங்கதான் பவுடர் பூசிக்கினு இருக்காங்க."

திரும்பிப் போய்ப் பலகையைப் படித்தேன். 'வார்டுக்குள்' என்றுதான் இருந்தது. ஊரார் பத்திரங்களில் கால்புள்ளியைக்கூட விடாமல் படித்தவன் நான்.

வீட்டில் அண்ணனின் முகத்தை மழித்து முடித்ததும் நானே அவர் கன்னங்களில் லோஷனைத் தட்டினேன். புதினா வந்தது. கால் மணி நின்று பார்த்தேன். செம்மண் வரவில்லை, அதற்கு உடம்புச் சூடு வேண்டும்போல. தலைமாட்டில் இருந்த அண்ணிக்கு அழுதழுது மூக்கு அடைத்திருந்தது.

"அந்த வாசன வருதா தம்பி?"

"வருதுங்க அண்ணி" என்றேன்.