கரவனில் பகல் தூக்கம்

பியற்றிஸுக்கு சட்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட். காலை எட்டரைக்கு அவள் படுக்க வரும்போதுதான் வீடு எழும்பிக்கொண்டிருக்கும். தம்பி றெஜினோல்ட், அவன் மனைவி பெர்னடெற், நாலு பிள்ளைகள், சண்டைக்குத் தப்பி வந்த பெர்னடெற்றின் இரண்டு சகோதரிகள். மூன்று அறைகளில் எட்டுப் பேர், அவளோடு ஒன்பது. மன்னாரிலிருந்து வந்த ஏழு வருடத்தில் ஆறு மணித்தியாலம் ஒரேயடியாகத் தூங்கிய நாள் அவளுக்கு நினைவில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஓகஸ்டில் வெயில் கொளுத்தியது. பள்ளிக்கூட விடுமுறை வேறு. றெஜினோல்டோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர், வருடாவருடம் ஸ்பெயினுக்குக் காரின் பின்னால் இழுத்துக்கொண்டு போன தன் பழைய கரவனை, சக்கரத்தில் ஓடும் அந்தச் சின்ன வீட்டை, சும்மா தந்தார். அங்கத்தைய வெக்கைக்காகக் கூரையில் ஏசி பூட்டியிருந்தார். றெஜினோல்ட் அதை வீட்டு முன்றிலில் கொண்டுவந்து விட்டான்.

"அக்கா, இனி உங்களுக்கெண்டு ஒரு அறை."

சமைக்கிற குசினியின் பிளக்கிலிருந்து யன்னல் வழியாகக் கரவனுக்கு, உருளையில் சுற்றின நீள வயர் ஒன்று போனது. வேண்டிய நீளத்தை மட்டும் இழுத்துவிட்டு, மிச்சத்தை உருளையில் சுற்றியபடியே குசினி நிலத்தில் வைத்தான். பிள்ளைகள் தடக்கி விழக்கூடாதென்று மேலே ஒரு கால்மிதியையும் போட்டான்.

இரண்டு நாள் நன்றாகத் தூங்கினாள். மூன்றாம் நாள் அரைத் தூக்கத்தில் பிளாஸ்ரிக் கருகும் மணம் வந்தது. பக்கத்து வீட்டில் ஏதோ எரிக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஏசி முனகி நின்றது. வெக்கை முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்தாள்.

குசினியில் புகை. கால்மிதி நடுவில் கறுத்து, கீழே உருளை உருகி நிலத்தோடு ஒட்டியிருந்தது. அடுத்த அறையில் பிள்ளைகள் ரீவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் சுவிட்ச்சை நிற்பாட்டிப் பிளக்கைக் கழற்றினாள். மாடியிலிருந்து பெர்னடெற் ஓடிவந்தாள்.

"ஐயோ மச்சாள்! நல்லவேளை கண்டியள்."

அதோடு விட்டிருக்கலாம். பியற்றிஸால் ஏலவில்லை.

"நான் முதலே மணத்தை அறிஞ்சனான், பெர்னடெற். எழும்ப மனம் வரேல்லை."

பெர்னடெற் அவளைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போனாள்.

சனிக்கிழமை றெஜினோல்ட், எலக்ரீசியன் இராஜேந்திரனைக் கூட்டிவந்தான். வவுனியாக்காரர், ஐம்பது வயது தாண்டியவர். உருகின உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கரண்ட் ஓடேக்க வயர் சுடும். சுத்தினபடி கிடந்தா சூடு எங்க போறது? அதுக்கு மேல ஒரு கம்பளமும் போட்டிருக்கிறியள். இந்த மெல்லிய வயர் விளக்குக்குக் காணும், ஏசிக்குக் காணாது. போதாக்குறைக்கு தண்ணி கொதிக்க வைக்கிற கேத்திலும் அதே பிளக்கில."

"அப்ப ஏசி போடவே ஏலாதோ, அண்ணை?" என்று பியற்றிஸ் கேட்டாள்.

"ஏன் ஏலாது? முறையாப் போடுவம்."

வீட்டு பியூஸ் பெட்டியிலிருந்து கரவனுக்கென்று தனி லைன் இழுத்தார். கரண்ட் கசிந்தால் ஆளை அடிக்க முதல் தானே வெட்டும் சுவிட்ச் ஒன்று பூட்டி, வெளிச்சுவரில் மழை படாத பிளக் வைத்தார். கரவனுக்கென்றே விற்கிற தடித்த வயரை முழுதாக விரித்து ஓரமாகப் போட்டார்.

"இந்தச் சுவிட்ச்சில இருக்கிற பொத்தானை இடைக்கிடை அமத்திப் பாருங்கோ, கரண்டை வெட்ட வேணும். ஏசியை நிப்பாட்டினா அஞ்சு நிமிசம் பொறுத்துப் போடுங்கோ. ஏசி ஓடேக்க கரவனுக்குள்ள கேத்தில் வேண்டாம். வயரைத் தொட்டுப் பாருங்கோ, சுட்டா உடனே நிப்பாட்டி எனக்குச் சொல்லுங்கோ."

எல்லாம் சரியாக ஓடியது. பியற்றிஸுக்குத்தான் தூக்கம் வரவில்லை. மூக்கு மணத்தைத் தேடியபடி கிடந்தாள். இரண்டு தரம் எழுந்துபோய் வயரைத் தொட்டாள், சுடவில்லை. மறுநாளும் அப்படித்தான்; அவள் வந்து வயரைத் தொட்டுப் பார்ப்பதைப் பெர்னடெற் யன்னலால் கண்டாள். வேலையில் ஒரு கிழவியின் மருந்தைப் பிழையாக எடுத்துவிட்டு, கொடுக்குமுன் கண்டு திருப்பி வைத்தாள்.

மூன்றாம் நாள் கரவன் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பெர்னடெற் ஒரு சுளகில் பயற்றங்காயும் கத்தியும் கொண்டு வந்து படியில் உட்கார்ந்தாள்.

"நீங்கள் படுங்கோ மச்சாள். மணம் வந்தா நான் எழுப்புறன்."

"உனக்கு வேலை கிடக்கெல்லோ."

"இஞ்ச இருந்தும் வெட்டலாம். படுங்கோ."

பியற்றிஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கண்ணீர் வந்தது, துடைக்கவும் களைப்பாக இருந்தது. எழுந்தபோது பின்னேரம் நாலு மணி.

அந்த வெயில் முடியும்வரை வீட்டில் யாராவது ஒருவர் படியில் வந்து இருந்தார்கள். நவம்பரில் அவளுக்குப் பகல் ஷிப்ட் கிடைத்தது. உடம்பு பழக்கம் மாறி இரவில் தூங்கக் கற்றுக்கொள்ள இன்னுமொரு வருடம் எடுத்தது.