டெஸ்ட் பேஜின் மறுபக்கம்

சாரல் பிடித்துவிட்டால் எங்கள் ஊரில் அப்பளம் மட்டுமில்லை, தாளும் நமுத்துப்போகும். நேற்று மகள் பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்காகத் தாள்கட்டைப் பிரித்தாள். அந்த ஈரவாடை மூக்கில் ஏறியதும் எனக்கு இருபத்துச் சொச்சம் வயது திரும்பிவிட்டது. "யப்பா, பிரிண்டர் ஆஃப்லைன்னு சொல்லுது" என்றாள். வயர் இல்லாத பிரிண்டர். அணைத்துப் போட்டேன், வைஃபையை அணைத்துப் போட்டேன், அதன் தலையில் இரண்டு தட்டும் தட்டினேன், அசையவில்லை. ஒரு காலத்தில் தென்காசி வட்டாரத்துக்கே பிரிண்டர் வைத்தியம் பார்த்தவன் நான் என்றால் அவள் நம்பமாட்டாள். நீங்களாவது நம்புங்கள்.

அப்போது தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் வேலை எனக்கு. பழைய லேப்டாப், ஸ்க்ரூடிரைவர், ஒரு சுருள் நெட்வொர்க் வயர், மழைக்குத் தலையில் பாலிதீன் பை. ஐந்தருவிப் பக்கத்து லாட்ஜிலிருந்து புளியறை லாரி ஆபீஸ்வரை பைக்கிலேயே சுற்றுவேன். அருவியைத் தினமும் தாண்டிப் போயும் அந்த வேலையில் இருந்த மூன்று சாரல் சீசனில் நான் குளித்தது இரண்டே தடவைதான். போன இடத்தில் வேலை முடிந்ததும் ஒரு டெஸ்ட் பேஜ் எடுத்து, அதில் அங்குள்ளவர்களிடம் கையெழுத்து வாங்கி, கடை முதலாளியிடம் காட்டவேண்டும். நான் டீக்கடையில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

அப்படி ஒரு திங்கட்கிழமை, இலஞ்சி போகிற வழியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆபீஸ் கிளார்க் ஈஸ்வரி அக்கா எப்போது போனாலும் சுக்குக்காபி தருவார். அவர் கணவர் லாரி ஓட்டியவர். விபத்தில் இடுப்பு உடைந்து வீட்டோடு கிடந்தார். அக்காவின் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. பள்ளித் தாளாளர் கெட்டவர் இல்லை, வாய்தான் முந்திவிடும். ஒருபக்கம் அச்சான தாளைக்கூட எறியவிடமாட்டார், மறுபக்கம் ரஃபுக்கு ஆகும் என்று அடுக்கிவைப்பார்.

அன்று சுக்குக்காபி வரவில்லை. அக்காவின் கண் வீங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை டி.சி. வாங்கப் பெற்றோர்கள் வந்து நிற்க, பிரிண்டர் அசையவே இல்லையாம். இவர் பதற்றத்தில் திரும்பத் திரும்ப பிரிண்ட் கொடுத்திருக்கிறார். தாளாளர் வந்து, ஒரு பிரிண்ட் எடுக்கத் தெரியாதவளுக்கு நாற்காலி எதற்கு என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார். அந்த வேகத்தில் அக்கா ராஜினாமாக் கடிதம் அடித்து அதற்கும் பிரிண்ட் கொடுத்திருக்கிறார். அதுவும் வரவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கணவர் முகத்தைப் பார்த்தபிறகுதான் புத்தி வந்தது என்றார்.

"நல்லவேள தம்பி, அது வரல. கம்ப்யூட்டர அணைச்சதும் அழிஞ்சிருக்கும்லா?"

ஆமாம்க்கா என்று தலையாட்டினேன். என் புத்தியெல்லாம் வயரில் இருந்தது.

நோய் சின்னதுதான். கரண்ட் போய் வந்ததில் பிரிண்டருக்கு நெட்வொர்க்கில் வேறு முகவரி கிடைத்திருந்தது. கம்ப்யூட்டரோ, ஆள் குடிமாறியது தெரியாமல் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. புது முகவரியைக் கொடுத்து, இனி மாறாதபடி செய்தேன். பிரிண்டர் உறுமியது. சத்தம் கேட்டுத் தாளாளரும் வந்து பக்கத்தில் நின்றார். மூன்று நாளாக அடைத்துக் கிடந்ததெல்லாம் வர ஆரம்பித்தது. ஒரே டி.சி. ஏழு தடவை வந்தது. அணைத்தாலும் எதுவும் அழியாது சார், வரிசையில் அப்படியே நிற்கும் என்று பெருமையாக அவருக்கு விளக்கினேன்.

அக்கா என் முதுகுப்பக்கம் வந்து மெல்லக் கேட்டார்.

"தம்பி, இத நிப்பாட்ட முடியுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ப்ளக்கைப் பிடுங்கக் குனிந்தேன். நான் நிமிர்வதற்குள் கடிதம் தாளாளர் கையில் இருந்தது.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். இரண்டு தடவை வாசித்திருப்பார். அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு என்னையே அறையவேண்டும் போலிருந்தது. தாளாளர் கடிதத்தைத் திருப்பி, வெற்றுப்பக்கத்தைத் தடவிப்பார்த்து என்னிடம் நீட்டினார்.

"ஒன்னோட டெஸ்ட் பேஜ இதுலயே எடுத்துரு தம்பி." பிறகு அக்காவைப் பார்க்காமல், "அன்னைக்கு நான் அப்பிடிப் பேசியிருக்கப்பிடாதும்மா. அந்த டி.சி.க்கெல்லாம் சீல் வச்சுக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டெஸ்ட் பேஜ் நன்றாக வந்தது. நீட்டினேன். பிரிண்டர் சரியாக இயங்குகிறது என்று எழுதி, அக்கா கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளில் விழுந்த கையெழுத்து அது ஒன்றுதான். மறுபக்கம் 'தங்கள் உண்மையுள்ள' என்பதற்குக் கீழே வெறுமையாகவே இருந்தது. அதை அவரிடமே கொடுத்துவிட்டேன். டெஸ்ட் பேஜ் சாரலில் கூழாகிவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன், நம்பினார்.

இப்போது அந்தக் கடை இல்லை. பிரிண்டர் மக்கர் செய்தால் எங்கோ இருந்து ஒருவர் திரைவழியே சரிசெய்துவிடுகிறார், கையெழுத்தும் கேட்பதில்லை. போன மாதம் நான் வேலை பார்க்கும் ஆபீஸில் ஒரு பெண், மேலாளரிடம் ஏச்சு வாங்கிய வேகத்தில், ஃபோனிலேயே ராஜினாமாவைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாள். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமல் என்னிடம் வந்து, "சார், அத நிப்பாட்ட முடியுமா?" என்று கேட்டாள். ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.