தண்ணீர் படாத ரீல்

குழாய்த் தொழிற்சாலையில் அவருக்கு நொட்டையார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எதை நீட்டினாலும் ஒரு நொட்டை சொல்லாமல் வாங்கமாட்டார் என்பதால் வந்த பட்டம் அது. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, ஏனென்றால் அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். புதிதாக வார்த்து வரும் குழாயின் வாயை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிடிப்பார். எங்கேயாவது ஒரு குமிழி எட்டிப் பார்த்தால் அது சிவப்புக் கூடைக்குப் போகும். இல்லாவிட்டால் பச்சைக் கூடை. மூன்றாவதாக ஒரு கூடையை அந்தத் தொழிற்சாலை வாங்கிப் போடவில்லை.

காலமெல்லாம் குமிழி தேடிய கண் வீட்டுக்கு வந்ததும் ஓய்வெடுக்குமா? குழம்பில் உப்பு, கதவில் கிறீச், சுவரில் மாட்டிய படத்தில் சாய்வு என்று அவருக்கு வீட்டிலும் வேலை இருந்தது. "என்னை மட்டும் எப்படித்தான் பச்சைக் கூடையில போட்டாரோ" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவள் சீருடை தைக்கும் கடையில் காலர் தைப்பவள். பகலெல்லாம் தையல் இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்குப் புருஷனின் முணுமுணுப்பு ஒரு பொருட்டே இல்லை.

அவர்களுக்கு ஒரே மகள். எக்ஸ்ரே எடுக்கும் படிப்பை முடித்தவள். தொலைவில் உள்ள ஒரு பெரிய நகரத்து மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தது. மாதக் கடைசியில் வந்து சேரச் சொன்னார்கள். செய்தியைக் கேட்டு அம்மாக்காரி ஒரு பாட்டம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பெட்டி வாங்கக் கிளம்பினாள். நொட்டையார் "பார்க்கலாம்" என்றார். அந்த வீட்டில் பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்று பொருள்.

அவர் தடுத்தாலும் மகள் போகத்தான் போகிறாள், அது மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் அவளுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. "அப்பா வாயால போயிட்டு வான்னு சொல்லணும்மா. அது இல்லாம கிளம்பினா அங்க போயும் எனக்கு நிம்மதி இருக்காது" என்றாள்.

"வீட்டுல கேட்டா பார்க்கலாம்தான். ஏரிக்குக் கூட்டிட்டுப் போய்க் கேளு. அங்கதான் அவருக்கு வாய் திறக்கும்" என்றாள் அம்மா.

அம்மா சொன்னது உண்மை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகளும் பஸ் பிடித்து ஊருக்கு வெளியே இருக்கும் ஏரிக்குப் போவார்கள். இருவருக்கும் ஒரே தூண்டில் கோல், தூண்டில் நரம்பைச் சுற்ற ஒரே ரீல். முறை வைத்து வீசுவார்கள். முறை இல்லாதவர் பேச வேண்டும் என்பது எழுதாத சட்டம். அப்படித்தான் நொட்டையார் தன் பயம், கோபம், மேலாளரின் அழும்பு எல்லாவற்றையும் மகளிடம் கொட்டித் தீர்த்திருந்தார்.

கெட்ட நேரம், அந்த மாதம் பார்த்து ரீல் கெட்டுப்போயிற்று. நரம்பைப் பிடித்து உருளையில் சுற்றிவிடும் கம்பி வளையத்தின் ஸ்பிரிங் தெறித்துவிட்டது. "புதுசு வாங்கிட்டுப் போவோம்" என்றார் நொட்டையார். மகளும் சரி என்று தலையாட்டினாள். அப்பா ரீல் வாங்கப் போகிறார் என்றால் என்ன நடக்கும் என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.

மீன்பிடிச் சாமான் கடைக்காரர் பொறுமைசாலி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த விலை உயர்ந்த ரீல்களின் பக்கம் நொட்டையார் திரும்பக்கூட இல்லை. கைக்கு எட்டும் விலையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றினார், காதருகே வைத்துக் கேட்டார், ஆட்டிப் பார்த்தார். கடைசியில், பெட்டி மேல் பேரிங் எண்ணிக்கையைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

"எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீங்க சார். நாலு நல்ல பேரிங் போதும்" என்றார் கடைக்காரர். "வேணும்னா எடுத்துட்டுப் போய்ப் பாருங்க. தண்ணி மட்டும் படாம இருந்தா மாத்தித் தரேன்."

இந்தக் கடைசி வாக்கியம்தான் வினையாகப் போயிற்று. தண்ணீர் படாமல் மீன் பிடித்துப் பார்க்க முடியாதல்லவா? நொட்டையார் அதற்கும் வழி கண்டுபிடித்தார். இரண்டாவது மாடி பால்கனியில் நின்றுகொண்டு, நரம்பின் நுனியில் செங்கல்லைப் போட்ட வாளியைக் கட்டிக் கீழே இறக்கினார். அந்த வாளிதான் மீன். இறக்கினார், ஏற்றினார், ரீலின் திருகைத் தளர்த்தி நரம்பு எப்படி விட்டுக்கொடுக்கிறது என்று பார்த்தார். கீழ்வீட்டு அக்கா காயப்போட்டிருந்த போர்வையை வாளி இழுத்துக்கொண்டு போனது.

"அண்ணே, உங்க மீனுக்கு எங்க வீட்டுப் போர்வைதான் கிடைச்சுதா?" என்று அவள் கத்தினாள்.

முதல் ரீலில் கைப்பிடி ஆடியது, திருப்பிக் கொடுத்தார். அந்த ஞாயிறு போயிற்று. அடுத்ததில் ஆட்டம் இல்லை, ஆனால் உடம்பு பிளாஸ்டிக். வாளி தொங்கும்போது அதன் கழுத்து இலேசாக வளைந்தது. அவர் கண்ணைத் தவிர வேறு எந்தக் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது. அதுவும் திரும்பிப் போனது, இன்னொரு ஞாயிறும் அதோடு சேர்ந்து போனது.

"சார், இந்த விலைக்கு எதுலயும் ஒரு குறை இருக்கத்தான் செய்யும். எந்தக் குறையோட காலம் தள்ள முடியும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்" என்று சொல்லிக் கடைக்காரர் இன்னொன்றை எடுத்து வைத்தார். அவர் முகத்தில் இப்போது பொறுமை கொஞ்சம் குறைந்திருந்தது.

அந்த மூன்றாவது ரீல் கனமாக, உலோக உடம்போடு, நன்றாகத்தான் இருந்தது. வாளியைக் குழந்தையைப் போல இறக்கியது. நரம்பும் வெட்டி இழுக்காமல் சீராக விட்டுக்கொடுத்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை 'டிக்' என்றது. நொட்டையார் இரண்டு நாள் அந்த டிக்கைக் கேட்டார். மனைவியைக் கேட்கச் சொன்னார். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மகள் கிளம்புவதற்கு முன் இருந்த கடைசி ஞாயிறு அது. கூடத்தில் பெட்டி பாதி நிரம்பித் திறந்து கிடந்தது. நொட்டையார் ரீலை அதன் அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு செருப்பு மாட்டினார்.

"எங்கப்பா?"

"கடைக்கு. இது சரிப்படாது. டிக் டிக்குனு ஒரு சத்தம்."

 மகள் அட்டைப்பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினாள். ரீலை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். அங்கே நிரம்பியிருந்த வாளியில் அதை முழங்கை நனைய அமுக்கி எடுத்தாள். ரீலிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

"இனிமே கடைக்காரர் வாங்க மாட்டார். வா, ஏரிக்குப் போவோம்."

அம்மாக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். நொட்டையாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.  கோலை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் படி இறங்கினார்.

ஏரிக்கரையில் காற்று குறைவாக இருந்தது. சிமெண்டுச் சரிவில் உட்கார்ந்தார்கள். முதல் வீச்சு மகளுடையது. நரம்பு நேராகப் போய் விழுந்தது. அவள் சுற்ற ஆரம்பித்ததும் அந்த டிக் வந்தது. நொட்டையார் முகத்தைச் சுளித்தார். அவள் கவனித்தும் கவனிக்காதது போலச் சுற்றினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மீன் மாட்டியது. ரீல் ஒழுங்காக விட்டுக்கொடுத்து ஒழுங்காக இழுத்தது.

"சின்னது" என்றார் நொட்டையார்.

"உனக்கு எதுதான் பெருசு?" என்று சிரித்துக்கொண்டே மகள் அதைக் கழற்றித் தண்ணீரில் விட்டாள். மறுபடியும் வீசினாள். சட்டப்படி இப்போது அவர்தான் பேச வேண்டும். அவர் ரீலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ரீல்ல குறையா, இல்ல நான் போறதுல குறையா?"



"நீ போறது எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கலை" என்றார். "ரீல் வாங்கற வரைக்கும் ஏரிக்குப் போக வேண்டாம். ஏரிக்குப் போகாத வரைக்கும் நீயும் கேட்க மாட்டே. அதான் மாத்தி மாத்தி வாங்கிட்டு இருந்தேன். எனக்கே நேத்துதான் புரிஞ்சுது."

"எனக்கு முதல் ரீல்லயே புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சும்மா இருந்தே?"

"நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். அதுக்குள்ள மாசமே முடிஞ்சுபோச்சு."

கரையோரமாக ஒரு படகு போயிற்று. அது எழுப்பிய அலை வந்து அவர்கள் காலுக்குக் கீழே சிமெண்டை நனைத்துவிட்டுத் திரும்பியது.

"பிடிக்காததை நான் எப்படிம்மா சரின்னு சொல்றது? என்னால ஆகாது" என்றார் அவர்.

"சரின்னு சொல்ல வேண்டாம்பா. பிடிக்கலைன்னே வெச்சுக்கோ. பிடிக்காமலே போயிட்டு வான்னு சொல்லு. எனக்கு அது போதும்."

அப்படி ஒன்று முடியும் என்று அவருக்கு இத்தனை வயது வரை யாரும் சொன்னதில்லை. ஏரியையே வெறித்துக்கொண்டிருந்தார். 

"போயிட்டு வா" என்றார்.

"ஏரிக்கிட்ட சொல்லாதப்பா. அது எங்கயும் போகலை. என்கிட்ட சொல்லு."

அவர் திரும்பி மகளின் முகத்தைப் பார்த்து மறுபடியும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.